ஹைப்போதலாமஸ்: கீழுள்ளறை

ஹைப்போதலாமஸ் என்று பள்ளியில் உருப்போட்டு, உடல் வெப்பம், பசி, தாகம் என்று வரிசையாக எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள் நாம். அந்தப் பெயருக்கு என்ன பொருள் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

கிரேக்கத்தில் 'ஹைப்போ' என்றால் கீழே. 'தலாமொஸ்' என்றால் வீட்டின் உள்ளறை, குறிப்பாக மணமக்களின் பள்ளியறை. மூளையின் நடுவில் மறைந்திருக்கும் பகுதிக்குத் தலாமஸ் என்ற பெயர் முன்பே இருந்தது. அதற்கு அடியில் உள்ளதற்கு வில்ஹெல்ம் ஹிஸ் என்ற உடற்கூற்றியலார் 1893-இல் ஹைப்போதலாமஸ் என்று பெயர் வைத்தார். மனிதரிடம் அதன் எடை சுமார் 4 கிராம்தான்.

தலாமஸ் உள்ளறை என்றால் இது கீழுள்ளறை. சொன்ன மாத்திரத்தில் இடம் புரிகிறது. சிலர் இதைக் 'கோப மையம்' என்று எழுதுகிறார்கள்; அது தவறு என்பது என் உறுதியான கருத்து. காரணத்தைப் பூனையே காட்டும்.

சூரிக்கில் வால்டர் ஹெஸ், விழித்திருக்கும் பூனைகளின் கீழுள்ளறைக்குள் மெல்லிய கம்பி செலுத்தி மின்சாரம் பாய்ச்சினார். அதுவரை சாதுவாக இருந்த பூனைக்கு முடி சிலிர்த்தது, முதுகு வளைந்தது, கண்மணி விரிந்தது. சீறிக்கொண்டு எதிரில் இருந்தவர்மீதே நகத்தை நீட்டியது. மின்சாரத்தை நிறுத்தியதும் அடங்கிவிட்டது. மூளை ஆய்வுகளுக்காக 1949-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் பூனை எலியைப் பிடிக்கும்போது சீறுகிறதா? இல்லை. வயிறு தரையில் படப் பதுங்கி, சத்தமில்லாமல் போய்க் கழுத்தைக் கவ்வும். 1962-இல் யேல் பல்கலைக்கழகத்தில் வாஸ்மனும் ஃபிளினும் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டினார்கள். கீழுள்ளறையின் நடுப்பகுதியைத் தூண்டினால் சீற்றம். பக்கப்பகுதியைத் தூண்டினால் ஆரவாரமே இல்லாத பாய்ச்சல். புலி பதுங்குவது பாய்வதற்கு என்கிறோமே, அந்தப் பதுங்கலில் கோபம் ஏது? எனவே முன்னதைச் சீற்றத் தாக்குதல் என்றும் பின்னதை இரைத் தாக்குதல் என்றும் எழுதலாம். இரண்டையும் 'ஆக்ரோஷம்' என்ற ஒரே சொல்லில் அடைப்பது சரியல்ல. அந்த வடசொல்லுக்கு மூலப்பொருளே உரக்கக் கத்துதல், ஏசுதல்தான். இரை பிடிக்கும் பூனைக்கு அது எப்படிப் பொருந்தும்?

2011-இல் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் டாயு லின், டேவிட் ஆண்டர்சன் குழுவினர் மின்சாரத்துக்குப் பதில் ஒளியைப் பயன்படுத்தினார்கள். கீழுள்ளறையின் ஒரு சிறு பகுதியில் நரம்பணுக்களை ஒளியால் தூண்டியதும், ஆண் சுண்டெலி பெண் எலியையும் கடித்தது, காற்றடைத்த கையுறையையும் கடித்தது. அதே இடத்தில்தான் புணர்ச்சியின்போது இயங்கும் அணுக்களும் கலந்திருந்தன. புணர்ச்சி முற்றும் வேளையில் ஒளி பாய்ச்சினால் சண்டையைத் தூண்டுவது கடினமாயிற்று. பள்ளியறைக்குக் கீழறை என்று இடம் பார்த்து வைத்த பெயர், இங்கே வியக்கும்படி பொருந்துகிறது.

மூளையில் அச்சம் போன்ற உணர்ச்சிகளைக் கையாளும் அமிக்டலாவும், நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதியான முன்நெற்றிப் புறணியும் இந்த அறைக்குச் செய்தி அனுப்பித் தாக்குதலைக் கூட்டவோ குறைக்கவோ செய்கின்றன.

எழுதும் முறை: நடுக் கீழுள்ளறை, பக்கக் கீழுள்ளறை, கீழுள்ளறை நரம்பணுக்கள். முதல்முறை வரும்போது மட்டும் ஹைப்போதலாமஸ் என்பதையும் சேர்த்து எழுதினால் மாணவர்கள் தடுமாற மாட்டார்கள்.