டயட் முடிஞ்சாச்சு, ஆனா ஒரு கரண்டி சோறு கூட வைக்க பயமா இருக்கா?

வெயிட் குறைக்கணும்னு வர்றவங்கள கூட சமாளிச்சிடலாம்ங்க. குறைச்சு முடிச்சிட்டு வந்து உக்காந்திருக்கவங்க கிட்ட "போதும், இனி கொஞ்சம் கூட்டி சாப்பிடுங்க"ன்னு சொல்லி பாருங்க, முகமே மாறிடும். டயட்டீஷியனா நான் இப்பல்லாம் அதிகமா பாக்குறது இந்த ரெண்டாவது கூட்டத்த தான். இங்க எழுதுறது எந்த ஒரு ஆளோட கதையும் இல்ல, பல பேர் சொன்னத கலந்து தான் எழுதுறேன், அதனால இது நம்மளத்தான் சொல்றாங்களோன்னு யாரும் நினைக்க வேண்டாம்.

ஆரம்பம் ஏறக்குறைய ஒரே மாதிரி தான் இருக்கும். கல்யாணத்துக்கு மூணு மாசம் இருக்கு, இல்ல குழந்தை பிறந்து ஒரு வருஷம் ஆச்சு, இல்ல ஆபீஸ்ல யாரோ பத்து கிலோ குறைச்சிட்டாங்க. யாரோ அனுப்பின சார்ட் ஒண்ணு வாட்ஸ்அப்ல வரும், அதுல காலைல ஓட்ஸ், மதியம் வெள்ளரிக்கா கூட ரெண்டு முட்டை வெள்ளைக்கரு, ராத்திரி சூப்னு இருக்கும், மொத்தம் ஆயிரம், மிஞ்சி போனா 1200 கலோரி. நாலஞ்சு மாசம் பல்ல கடிச்சிட்டு இருப்பாங்க, வெயிட்டும் இறங்கும், ஊரே பாராட்டும். அப்புறம் தலை சீவினா கொத்து கொத்தா முடி வரும், பீரியட்ஸ் தள்ளி போகும், அப்புறம் வரவே வராது, வெயில் காலத்துல கூட ஃபேன் காத்து குளிரும், ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு தட்டும், வீட்ல எல்லார் மேலயும் எரிஞ்சு விழுவாங்க. டெஸ்ட் எடுத்து பாத்துட்டு டாக்டர் "சாப்பாடு பத்தல"ன்னு சொல்லி அனுப்புவாரு. அதுக்கப்புறமும் மூணாவது இட்லிய எடுக்க கை வராது.

முதல்ல அந்த 1200 என்னன்னு பாப்போம். 30 வயசு, 160 சென்டிமீட்டர் உயரம், 60 கிலோ இருக்குற ஒரு பொண்ணு நாள் முழுக்க கட்டில விட்டு எழுந்திரிக்காம படுத்தே கிடந்தா கூட, இதயம் துடிக்க, மூச்சு விட, மூளை வேலை செய்யன்னு கணக்கு போட்டா கிட்டத்தட்ட 1290 கலோரி வேணும். ஐசிஎம்ஆர், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில், 2020ல வெளியிட்ட அட்டவணைல, 55 கிலோ எடையில உக்காந்தே வேலை பாக்குற பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1660னும், 65 கிலோ ஆணுக்கு 2110னும் போட்டிருக்காங்க. இத டார்கெட்டா எழுதி வச்சு ஆப்ல டிக் அடிக்க ஆரம்பிச்சிடாதீங்க, நான் சொல்ல வர்றது வேற. மாசக்கணக்கா 1200ல இருந்துட்டு, அதையே "நார்மல்"னு மனசுல பதிய வச்சு, அதுக்கு மேல சாப்பிடுற ஒவ்வொரு வாயையும் ஓவர்னு நினைக்கிறோம். அது ஓவர் இல்ல, இத்தன நாளா குடுக்காம விட்ட பாக்கி.

இந்த பயத்த பத்தி நிறைய பேருக்கு தெரியாத ஒரு விஷயம் இருக்கு. 1944 நவம்பர்ல அமெரிக்கால மினசோட்டா பல்கலைக்கழகத்துல ஆன்சல் கீஸ்னு ஒரு விஞ்ஞானி ஒரு ஆராய்ச்சி ஆரம்பிச்சார். உலகப்போர் நடந்துட்டு இருந்த நேரம், பட்டினியில கிடக்குற ஐரோப்பிய மக்களுக்கு திரும்ப எப்படி சாப்பாடு குடுக்கணும்னு தெரிஞ்சுக்கிறதுக்காக, உடம்பும் மனசும் நல்லா இருந்த 36 இளைஞர்கள தேர்ந்தெடுத்தாங்க, எல்லாரும் போருக்கு போக மறுத்து தானா முன்வந்தவங்க. முதல் 12 வாரம் நல்ல சாப்பாடு, அடுத்த 24 வாரம் சாப்பாட்ட கிட்டத்தட்ட பாதியா குறைச்சாங்க, சராசரி 1570 கலோரி. வாரத்துக்கு 35 கிலோமீட்டர் நடக்கணும். கால்வாசி எடை போச்சு. நம்மூர் சார்ட்ல 1570னு போட்டா "என்ன மேடம் இவ்ளோ தாராளமா குடுக்குறீங்க"ன்னு கேப்பாங்க, கவனிச்சீங்களா.

எடை போனத விட முக்கியம் அவங்க மனசுக்கு என்ன ஆச்சுங்கறது தான். சமையல் புத்தகமா சேர்க்க ஆரம்பிச்சாங்க, பேச்சு நினைப்பு எல்லாமே சாப்பாடு தான், தட்டை நக்கினாங்க, ஒரு தட்டு சாப்பாட்ட மணிக்கணக்கா வச்சு தின்னாங்க, யார் கூடவும் பழகாம ஒதுங்கினாங்க, சோர்வு, எரிச்சல், குளிர். திரும்ப சாப்பாடு கூட்டினப்போ ஒரே நாள்ல சரியாகல, வயிறு முட்ட சாப்பிட்டும் பசி அடங்கலன்னாங்க, சிலர் குண்டான மாதிரி இருக்குன்னு வேற கவலப்பட்டாங்க. இவங்க யாருக்கும் முன்னாடி உடம்ப பத்தின கவலையே கிடையாது. சாப்பாடு குறைஞ்சதால வந்த மனநிலை அது. போதுமான சாப்பாடு மாசக்கணக்குல தொடர்ந்து கிடைச்சதும் தான் மெல்ல மெல்ல போச்சு.

அதனால தான் கிளினிக்ல நான் திரும்ப திரும்ப சொல்றது, பயம் போகட்டும் அப்புறம் சாப்பிடலாம்னு காத்திருக்காதீங்க, அந்த பயத்துல பெரும் பங்கு பட்டினியோட அறிகுறி, முடி கொட்டுற மாதிரி அதுவும் ஒண்ணு. சாப்பிட சாப்பிட தான் குறையும். பயந்துட்டே சாப்பிடுங்க, பரவால்ல.

சரி, எத பாத்து பயம்? தொண்ணூறு சதவீதம்னு கணக்கெல்லாம் சொல்ல மாட்டேன், ஆனா பெரும்பாலும் வெயிங் மெஷின பாத்து தான். ஒரு வாரம் சொன்னபடி சாப்பிடுவாங்க, அஞ்சாவது நாள் காலைல மெஷின்ல ஏறுவாங்க, ஒன்றரை கிலோ கூடியிருக்கும், அன்னைக்கே பழைய சார்ட்டுக்கு ஓடிருவாங்க. அந்த ஒன்றரை கிலோ என்னன்னு தெரிஞ்சா ஓட மாட்டாங்க. நம்ம கல்லீரலும் தசையும் மாவுச்சத்த கிளைக்கோஜன்னு சேத்து வைக்கும், மொத்தமா ஏறக்குறைய 400, 500 கிராம். ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் தன் கூட சுமார் மூணு கிராம் தண்ணிய பிடிச்சு வச்சிருக்கும். டயட்ல இது காலியாகும், அதனால தான் முதல் வாரத்துல வெயிட் மடமடன்னு இறங்குச்சு, அன்னைக்கு நீங்க சந்தோஷப்பட்டதும் பாதி தண்ணிக்கு தான். இப்ப சோறு உள்ள போனதும் அது திரும்ப நிரம்புது. இதோட சாம்பார் ஊறுகாய் உப்பு பிடிக்கிற தண்ணி, குடல்ல இருக்குற சாப்பாட்டோட எடை, பீரியட்ஸ்க்கு முன்னாடி வர்ற வீக்கம் எல்லாம் சேரும். கொழுப்பு கணக்கு வேற. ஒரு கிலோ கொழுப்பு சேர சுமார் 7700 கலோரி மிச்சமாகணும். தினம் 300 கூட்டினா வாரத்துக்கு 2100, அது மொத்தமும் கொழுப்பா மாறினாலே (மாறாது) முன்னூறு கிராம் கூட வராது. அஞ்சு நாள்ல ஒன்றரை கிலோ கொழுப்பு எங்கேர்ந்துங்க வரும்?

ஆனா ஒண்ணு, கொஞ்சம் கூட ஏறாதுன்னு பொய் சொல்ல மாட்டேன். "நிறைய சாப்பிடுங்க, மெட்டபாலிசம் சூடாகி தானா இளைப்பீங்க"ன்னு ரீல்ஸ் போடுறவங்களும் சரியில்ல. ரொம்ப இறங்கி போனவங்களுக்கு ரெண்டு மூணு கிலோ ஏறணும், ஏறினா தான் பீரியட்ஸ் வரும். அதே மாதிரி "என் மெட்டபாலிசமே உடைஞ்சு போச்சு மேடம்"னு அழுறவங்களுக்கும் சொல்றேன், உடையல. வருமானம் குறைஞ்ச வீட்ல மாசக்கடைசில எப்படி லைட்ட அணைச்சு, சினிமாவ தள்ளி போட்டு சமாளிப்போமோ அத தான் உடம்பும் பண்ணுது. வயிறு நிறைஞ்சத மூளைக்கு சொல்ற லெப்டின்ங்கற ஹார்மோன் இறங்கும், உடம்போட வேகத்த பாத்துக்குற தைராய்டு ஹார்மோன் டி3 கொஞ்சம் இறங்கும், நமக்கே தெரியாம நடமாட்டம் குறையும், பீரியட்ஸ் இப்போதைக்கு தேவையில்லன்னு மூளை அந்த சைக்கிள நிறுத்தி வைக்கும். சாப்பாடு ஒழுங்கா வந்தா பெரும்பாலும் இதெல்லாம் திரும்பிடும். முடி மட்டும் லேட், கொட்டுறதே பட்டினி ஆரம்பிச்சு ரெண்டு மூணு மாசம் கழிச்சு தான், அதனால நல்லா சாப்பிட ஆரம்பிச்சப்புறமும் கொஞ்ச நாள் கொட்டும், "சாப்பிட்டும் கொட்டுதே"ன்னு விட்டுறாதீங்க.

எப்படி கூட்டுறதுன்னு கேட்டா, நான் முதல்ல மெஷின பரண்ல போட சொல்வேன். வேணும்னா கிளினிக்ல நான் பாத்துக்குறேன், நம்பர சொல்ல மாட்டேன். அடுத்தது நேரம். பசிச்சா சாப்பிடுங்கன்னு இவங்களுக்கு சொல்லக்கூடாது, ஏன்னா பசி சிக்னலே குழம்பி போயிருக்கும், பாதி பேருக்கு பசிக்கவே பசிக்காது, மீதி பேருக்கு அடங்காது. மணிய பாத்து சாப்பிடணும், மூணு வேளை, நடுவுல ரெண்டு தடவ ஏதாவது, நாலு மணி நேரத்துக்கு மேல வயிற காய போடக்கூடாது. கூட்டுறத காலை சாப்பாட்டுல ஆரம்பிப்பேன். காரணம், பகல் முழுக்க வயிற கட்டிட்டு ராத்திரி பதினோரு மணிக்கு ஃப்ரிட்ஜ திறந்து மிச்சம் மீதி எல்லாத்தையும் அள்ளி போட்டுட்டு "எனக்கு கண்ட்ரோலே இல்ல"ன்னு அழுறவங்க அவ்ளோ பேர். கண்ட்ரோல் பிரச்சனை இல்லம்மா அது, காலைல ரெண்டு தோசை தேங்கா சட்னி வயித்துக்கு போயிருந்தா ராத்திரி அந்த வெறி பாதியா குறையும்.

வாரத்துக்கு 50 கலோரி, 50 கலோரின்னு எறும்பு ஊர்ற வேகத்துல ஏத்துற ஒரு முறை ஜிம்கள்ல ஓடுது. என் அனுபவத்துல அது பட்டினிய இன்னும் மூணு மாசம் நீட்டி விடுது, கலோரி எண்ணுற பழக்கத்தையும் இறுக்கி கட்டி போடுது, பெருசா ஆதாரமும் கிடையாது. உடம்பு ஓரளவு நல்லா இருக்கவங்களுக்கு நான் ஒரு படிக்கு 200, 300னு கூட்டுவேன், ஆனா அவங்க கிட்ட நம்பரா சொல்லாம சாப்பாடா சொல்வேன். ஒரு கரண்டி சோறு, ஒரு ஸ்பூன் நெய், சாயங்காலம் ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலையும் வாழைப்பழமும், அவ்ளோ தான், பழகினதும் அடுத்த படி. கூடவே அந்த பச்ச காய்கறி மலைய குறைக்க சொல்வேன். கேக்க வினோதமா இருக்கும், ஆனா ஒரு கிண்ணம் வெள்ளரிக்கா கேரட் தின்னுட்டு மேல சோறும் சாப்பிட்டா வயிறு வெடிக்கிற மாதிரி தான் இருக்கும், ஏன்னா ரொம்ப நாள் கம்மியா சாப்பிட்டவங்க இரைப்பை மெதுவா தான் காலியாகும். அந்த உப்புசத்த தொப்பைன்னு நினைச்சு பயந்துக்குவாங்க. காய கூட்டா, பொரியலா வேக வச்சு அளவா எடுத்தாலே போதும், சில வாரத்துல சரியாகும்.

பயப்படுற சாப்பாட்ட எழுத சொல்வேன், கம்மி பயத்துலேர்ந்து அதிக பயம் வரைக்கும். தயிர் சாதம் கீழ இருக்கும், பொங்கல் வடை நடுவுல, பரோட்டாவும் பிரியாணியும் உச்சில. கீழேர்ந்து ஆரம்பிச்சு, ஒரே சாப்பாட்ட வாரத்துல மூணு நாலு தடவ சாப்பிடணும், ஒரு தடவ சாப்பிட்டு "ஐயோ பயமா தான் இருந்துச்சு"ன்னு முடிச்சிட கூடாது. முக்கியமா, சாப்பிட்டதுக்கு மறுநாள் பரிகாரம் கிடையாது, எக்ஸ்ட்ரா நடையும் இல்ல ராத்திரி பட்டினியும் இல்ல. பரிகாரம் பண்ணினா, அந்த சாப்பாடு ஆபத்து தான், நடந்ததால தப்பிச்சோம்னு மூளை தப்பா கத்துக்கும்.

வீட்ல இருக்கவங்களுக்கு ஒரு வார்த்தை. "கொஞ்சம் பூசினாப்ல ஆயிட்டியே"ன்னு சித்தி பாசமா தான் சொல்லுவாங்க, ஆனா அந்த ஒரு வார்த்தைல ஒரு மாச உழைப்பு போயிடும். "சூப்பரா இளைச்சிட்ட"ன்னு சொல்றதும் அதே வேலைய தான் செய்யும். உடம்ப பத்தி பேசாதீங்க, கூட உக்காந்து சாப்பிடுங்க.

இனி சொல்றத மட்டும் கவனமா படிங்க. சுகர் இருந்து அதுக்காக டயட் எடுத்தவங்க நீங்களா கூட்டாதீங்க, மாத்திரை, இன்சுலின் அளவோட சேத்து டாக்டர் பாக்கணும். மூணு மாசமா பீரியட்ஸ் இல்லன்னா மகளிர் டாக்டர பாருங்க, ஸ்கேன்ல சின்ன சின்ன நீர்க்கட்டி தெரிஞ்சாலே பிசிஓடின்னு (சினைப்பை நீர்க்கட்டி பிரச்சனை) முடிவு பண்ணி இன்னும் சோற குறைச்சிட்டு வர்றாங்க, பட்டினியாலயும் பீரியட்ஸ் நிக்கும், நீண்ட நாள் நின்னா எலும்பு பலவீனமாகும், அதனால எவ்ளோ சாப்பிடுறீங்கன்னு டாக்டர் கிட்ட மறைக்காம சொல்லுங்க. ரொம்ப ரொம்ப கம்மியா, கிட்டத்தட்ட ஒண்ணுமே சாப்பிடாம பத்து நாளுக்கு மேல இருந்தவங்க, பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்ளோங்கற கணக்கு) 16க்கு கீழ போனவங்க வீட்ல தடாலடியா சாப்பிட ஆரம்பிக்க கூடாது. ரத்தத்துல பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் சட்டுனு இறங்கி இதயத்த பாதிக்கலாம், ஆஸ்பத்திரில ரத்தம் டெஸ்ட் பண்ணிட்டே, தயமின் (வைட்டமின் பி1) குடுத்து தான் சாப்பாட்ட ஏத்துவாங்க. மயக்கம், படபடப்பு, கால் வீக்கம் இருந்தாலும் அதே தான், தள்ளி போடாதீங்க.

சாப்பிட்டத வாந்தி எடுக்குறது, பேதி மாத்திரை போடுறது, சாப்பாட்ட ஒளிச்சு வைக்கிறது, இதெல்லாம் இருந்தா டயட்டீஷியன் மட்டும் போதாது, மனநல மருத்துவரும் வேணும், அதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல. எங்க போறதுன்னு தெரியலன்னா அரசாங்கத்தோட மனநல உதவி எண் டெலி மானஸ் 14416க்கு போன் பண்ணுங்க, காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம். டயட்டீஷியன் கிட்ட வர்றீங்கன்னா கலோரி ஆப் ரிப்போர்ட்ட பிரிண்ட் போட்டு தூக்கிட்டு வராதீங்க. கடைசியா பீரியட்ஸ் வந்த தேதி, போடுற மாத்திரைங்க பேரு, சமீபத்துல எடுத்த ரத்த டெஸ்ட், அப்புறம் அந்த பயப்படுற சாப்பாட்டு லிஸ்ட், இவ்ளோ இருந்தா முதல் நாளே வேலைய ஆரம்பிச்சிடலாம்.