வரதட்சணையும் அல்ல, கடத்தலும் அல்ல

'வரதட்சணைத் திருமணங்கள் மூலம் பெண்களும் சிறுமிகளும் கடத்தப்படுகின்றனர்.' ஆங்கிலத்திலிருந்து பெயர்த்த இந்த வரி நம் ஊர்த் தமிழ்ச் செய்திகளிலும் விழிப்புணர்வு ஏடுகளிலும் சலிக்கச் சலிக்க வருகிறது. மியன்மாரின் கச்சின் மாநிலத்திலிருந்து சீனாவின் யுன்னானுக்கு விற்கப்பட்ட பெண்ணைப் பற்றியதாக இருக்கலாம். அசாமிலிருந்து ஹரியானாவுக்குக் கொண்டுபோன சிறுமியைப் பற்றியதாகவும் இருக்கலாம். எதுவானாலும் ஒரே வரியில் இரண்டு பிழை. ஒரு சொல் பணம் போகும் திசையைத் தலைகீழாக்குகிறது; மற்றொன்று குற்றத்தையே மறைக்கிறது.

எளிதானதை முதலில் முடித்துவிடலாம். வரனுக்குத் தரும் தட்சிணை வரதட்சணை. பெண் வீட்டார் கொடுக்க, மாப்பிள்ளை வீட்டார் வாங்குவது. மேற்சொன்ன செய்திகளில் நடப்பதோ நேர் எதிர்: ஆண் தரப்பு கொடுக்கிறது, பெண்ணைப் பெற்றவர்களோ இடைத்தரகரோ வாங்குகிறார்கள். சீதனமும் பொருந்தாது, அது ஸ்திரீதனம், பெண்ணோடு போகும் சொத்து. இந்த எதிர்த்திசைப் பணத்துக்குத் தமிழில் பரிசம், பரியம் என்று சொல் இருக்கிறது. சிங்கப்பூர்க் குடும்பங்களில் இன்றும் 'அடுத்த மாதம் பரிசம்' என்றால் யாரும் அகராதியைப் புரட்டுவதில்லை. நாவில் இருக்கும் சொல்லை எழுதும்போது மட்டும் ஏன் தொலைக்கிறோம்?

ஆங்கிலச் சொல்லை 'மணமகள் விலை' என்று சொல்லுக்குச் சொல் பெயர்ப்போரும் உண்டு. பரிசம் கொடுத்து மணப்பதெல்லாம் விற்பனை என்று அது முன்கூட்டியே தீர்ப்பு எழுதிவிடுகிறது. விலை என்ற சொல் தவறான எண்ணம் தருகிறது என்று மானிடவியலாளர் எவன்ஸ் பிரிட்சார்ட் 1931லேயே வாதிட்டு, செல்வம் என்று பொருள்படும் சொல்லை ஆங்கிலத்தில் முன்வைத்தார். நம் புறநானூற்றின் 343ஆம் பாட்டில், முசிறித் துறைமுகத்தைப் போன்ற செல்வத்தைப் பணிந்து கொடுத்தாலும் தகுதியில்லாதவனை இவள் மணக்கமாட்டாள் என்று தந்தை மறுக்கிறார். மறுக்க இடம் இருக்கும்வரை அது பரிசம். அந்த இடம் போனபின் அது விலை. இரண்டு சொல்லையும் வைத்துக்கொண்டு, இடம் பார்த்து எழுதவேண்டும். ஹரியானாவில் விலைகொடுத்து வாங்கப்பட்ட பெண்ணை 'மோல்கி' என்றே கூப்பிடுகிறார்கள். அங்கே 'பரிசம்' என்று எழுதினால் அது மெழுகிப் பூசுவதாகும்.

கடத்தல்தான் பெரிய சிக்கல். சிகரெட் கடத்தல், தங்கக் கடத்தல், பணம் கேட்டு ஆள் கடத்தல் என எல்லாவற்றுக்கும் ஒரே சொல். கட என்பதன் பிறவினை கடத்து. ஓர் எல்லையைத் தாண்டச் செய்வதே அதன் உயிர். 2000ஆம் ஆண்டில் ஐநா இரண்டு தனித்தனி நெறிமுறைகளை ஏற்றது. ஒன்று, குடியேறிகளைக் கள்ளத்தனமாக எல்லை தாண்ட வைப்பது பற்றியது. அது கடத்தலேதான். மற்றது, சுரண்டுவதற்காக ஆளைச் சேர்ப்பது, கொண்டுபோவது, கைமாற்றுவது, அடைத்துவைப்பது, பெற்றுக்கொள்வது பற்றியது. அதற்கு எல்லை தாண்டவே வேண்டாம். பக்கத்து ஊருக்குக் கொடுத்தாலும் குற்றம். இரண்டையும் 'ஆட்கடத்தல்' என்று பெயர்த்தால் எந்தச் சட்டம் எதைத் தடுக்கிறது என்று வாசகருக்கு எப்படித் தெரியும்?

சிங்கப்பூரில் இந்த இரண்டாவது குற்றத்துக்கென்று 2014இல் நிறைவேறிய சட்டம் 2015 மார்ச் முதல் தேதி நடப்புக்கு வந்தது. முதல் குற்றத்துக்கே பத்தாண்டுவரை சிறை, ஒரு லட்சம் வெள்ளிவரை அபராதம், ஆறு பிரம்படிவரை உண்டு. செயல், வழிமுறை, நோக்கம் என மூன்றையும் அரசுத் தரப்பு காட்டவேண்டும். மிரட்டல், ஏமாற்று, அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்துதல் ஆகியவை வழிமுறைக்குள் வரும். 18 வயதுக்கு உட்பட்டவர் என்றால் வழிமுறையைக் காட்டவே தேவையில்லை. சிறுமி சம்மதித்தாள் என்ற பேச்சு எடுபடாது.

இப்போது விசாரணையில் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் எதிரே உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் 'உன்னைக் கடத்தினார்களா?' என்று கேட்டால் என்ன ஆகும்? 'இல்லை, அம்மாதான் அனுப்பி வைத்தார்' என்பாள். அவள் சொன்னது உண்மைதான். ஆனால் அந்த 'இல்லை' பதிவாகி, விசாரணை திசைமாறிவிடும். கேட்கவேண்டியது வேறு. பணம் யார் கைக்குப் போனது, எவ்வளவு? முடியாது என்று சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? கடப்பிதழ் யாரிடம் இருந்தது? வீட்டுக்குப் போகிறேன் என்றபோது வாங்கிய பணத்தைத் திருப்பித் தரச் சொன்னார்களா? கடைசிக் கேள்வியில்தான் பல வழக்குகளின் முடிச்சு இருக்கிறது. பெற்றோர் அதற்குள் செலவழித்துவிட்ட பணம் பெண்ணின் கடனாகிறது. கொடுமைக்கார வீட்டைவிட்டு அவளால் வெளியேற முடிவதில்லை. மணவாழ்க்கை முறிந்தால் பரிசத்தைத் திருப்பிக் கேட்பது அரசமைப்புக்கு முரண் என்று உகாண்டா உச்ச நீதிமன்றம் 2015இல் தீர்ப்பளித்ததன் பொருள் இங்கே விளங்கும்.

ஆகவே இந்தக் குற்றத்துக்குக் கடத்தல் அல்ல, 'ஆள் வணிகம்' என்பதே தகும். வணிகம் நல்ல தொழிலாயிற்றே, குற்றத்துக்கு அந்தப் பெயரா என்று சிலர் மறுக்கிறார்கள். அடிமை வணிகம் என்று எவ்வளவோ காலமாகச் சொல்கிறோம். அதை யாரும் பெருமையாக எடுத்துக்கொள்ளவில்லை. வினையாக்குவதில் ஒரு தடங்கல் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். 'வணிகம் செய்யப்பட்டாள்' என்பது தமிழே இல்லை. கைமாறிய இடத்தில் 'விற்கப்பட்டாள்' என்றும், வேலைக்கென்று கூட்டிவந்து வதைத்த இடத்தில் 'சுரண்டலுக்கு ஆளானாள்' என்றும் எழுதலாம். ஒரே வினையை எல்லா இடத்திலும் ஒட்டவைக்கும் பழக்கம்தான் நம் மொழிபெயர்ப்பைக் கெடுக்கிறது. ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே அகராதி காட்டும் முதல் பொருளை எடுத்து வைத்துவிடுகிறார்கள். யார் யாருக்குக் கொடுத்தார் என்று ஒரு நொடி நின்று கேட்டிருந்தாலே வரதட்சணை அந்த வரிக்குள் வந்திருக்காது.

அந்த வரி இப்படி இருந்திருக்கவேண்டும்: 'பரிசம் என்ற பெயரில் பெண்களையும் சிறுமிகளையும் விற்கும் ஆள் வணிகம்.'