ஜிப் துருப்பிடித்த தலையணைகளும் ஒரு பழைய பருத்திச் சேலையும்

கடலூரில் குஷன் வேலை செய்கிற எனக்குச் சோபாத் தலையணைகளைப் பற்றி முதலில் சொல்லத் தோன்றுவது ஜிப்பைப் பற்றித்தான். தேவனாம்பட்டினம், மஞ்சக்குப்பம், முதுநகர் என்று கடல் காற்று படும் பகுதிகளிலிருந்து கடைக்கு வரும் தலையணைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஜிப் நகராது. உப்புக் காற்றில் ரன்னர் பச்சை பூத்தோ துருவேறியோ ஒரே இடத்தில் இறுகிப் போயிருக்கும். பலம் கொடுத்து இழுத்தால் பல் விட்டுவிடும். அதற்குப் பயந்து யாரும் உறையைக் கழற்றுவதில்லை. கழற்றாத உறை துவைப்புக்கும் போவதில்லை. மேலே ஈரத்துணியால் துடைத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் அதன்மேல் சாய்ந்துகொண்டிருக்கிறோம்.

பிறகு ஒரு நாள், தீபாவளிக்கோ வீட்டில் ஒரு விசேஷத்துக்கோ முன்னால், "சோபா ரொம்பப் பழசாகிவிட்டது, முழுவதும் துணி மாற்ற வேண்டும்" என்று வருவார்கள். போய்ப் பார்த்தால் சோபாவின் துணி திடமாகவே இருக்கும். மங்கிப் போயிருப்பவை அதன்மேல் கிடக்கும் நான்கைந்து தலையணைகள்தான். முழு சோபாவுக்கும் துணி மாற்றினால் எனக்கு வருமானம் உண்டு. ஆனாலும் முதலில் தலையணை உறைகளை மாற்றிப் பாருங்கள், அப்புறமும் மனம் நிறையவில்லை என்றால் வாருங்கள் என்றே சொல்கிறேன். பலர் திரும்பி வருவதில்லை. அதில் எனக்கு மகிழ்ச்சிதான்.

இறுகிய ஜிப்பைக் கத்தரித்து உறையைத் திறக்கும் வேளையை எல்லா வீட்டாரும் ஒருமுறை பார்க்க வேண்டும். தலை சாய்க்கும் மேல் விளிம்பில் கையகலத்துக்குத் தேங்காய் எண்ணெய்க் கறை. அதில் தூசி ஒட்டி ஒட்டித் துணி விறைத்திருக்கும். உறையின் மூலைகளில் தலைமுடி, மிக்சர் துகள், பென்சில் சீவல். உள்ளே பஞ்சு உருண்டை உருண்டையாகத் திரண்டிருக்கும். புழுங்கிய வாடை முகத்தில் அடிக்கும். வெளியே பூப்போட்ட உறை அழகாகச் சிரித்துக்கொண்டிருக்க, உள்ளே இந்த நிலை.

இது வெறும் அழகுப் பிரச்சினை அல்ல. நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் செதில்களைத் தின்று வாழும் தூசிப்பூச்சிகள் தலையணையிலும் மெத்தையிலும்தான் குடியிருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியவை. அவை தண்ணீர் குடிப்பதில்லை. காற்றிலுள்ள ஈரத்தை உடம்பால் உறிஞ்சிக்கொள்கின்றன. அதனால்தான் கடற்கரை ஊர்கள் அவற்றுக்கு மிகவும் ஒத்துப்போகின்றன. அவற்றின் எச்சம் காற்றில் கலந்து மூச்சில் ஏறும்போது தும்மல், மூக்கடைப்பு, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இளைப்பு எல்லாம் வரும். உறைகளை வாரம் ஒருமுறை 55 முதல் 60 டிகிரி வெந்நீரில் துவைக்கச் சொல்வது இதற்காகத்தான். எல்லா வீட்டிலும் சோபா உறைக்கு வாரா வாரம் முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆஸ்துமா உள்ளவர் இருக்கும் வீட்டில் மட்டும் இதில் சமரசம் வேண்டாம். மற்றவர்கள் மாதம் இருமுறையாவது துவைத்தால் நல்லது.

அப்படித் துவைக்க வேண்டுமென்றால் உறை நொடியில் கழன்று வர வேண்டும். ஜிப் இல்லாமல், தையல் இல்லாமல், வெறும் மடிப்பும் முடிச்சுமாக நிற்கும் உறையை நான் பரிந்துரைப்பது இதனால்தான். காசு மிச்சம் என்பது கூடுதல் ஆதாயம். தையல் தெரியாதவர்களுக்கான மாற்று ஏற்பாடு என்று இதைக் குறைத்து எண்ண வேண்டாம். கடலோர வீட்டுக்கு இதுவே முதல் தரமான உறை.

துணிக்குக் கடைத்தெருவுக்குப் போக வேண்டியதில்லை. அலமாரியில் மடித்து வைத்த பழைய பருத்திச் சேலை ஒன்றை எடுங்கள். சேலையின் அகலம் ஏறக்குறைய 45 அங்குலம். நீளம் ஐந்தரை மீட்டர், அதாவது 216 அங்குலம். 45 அங்குலச் சதுரங்களாகப் பிரித்தால் நான்கு கிடைக்கும், முந்தானைப் பக்கம் ஒரு முழத்துக்கு மேல் மிஞ்சும். 16 அல்லது 18 அங்குலத் தலையணைக்கு இந்தச் சதுரம் கச்சிதம். ஒரே சேலையில் நான்கு தலையணை முடிந்துவிடும். சேலையைக் கிழிக்க மனம் வராதவர்கள் தைக்காத கைலி வாங்கலாம். நம் குறிஞ்சிப்பாடிக் கைலியின் கட்டங்கள் ஒரே நிறச் சோபாவில் எடுப்பாக இருக்கும். சின்தெடிக் சேலை மட்டும் வேண்டாம். முடிச்சு வழுக்கும், முதுகு வியர்க்கும்.

கத்தரிக்கோலால் வெட்டுவதைவிடக் கிழிப்பது நல்லது. கரையில் அளவு பார்த்து ஓர் அங்குலம் வெட்டிவிட்டு, இரண்டு பக்கமும் பிடித்து ஒரே இழுப்பாக இழுங்கள். சாதாரண நெசவுப் பருத்தி நூல் ஓடும் வழியிலேயே நேராகக் கிழியும். எவ்வளவு கைப்பழக்கம் இருந்தாலும் கத்தரிக்கோலில் அந்த நேர் வராது. கரை பக்கம் நூல் பிரியாது, கிழித்த இரண்டு ஓரங்களில்தான் பிரியும். அங்கே நான்கைந்து இழைகளை உருவிவிட்டால் சிறு குஞ்சம் போல நிற்கும். அது பிடிக்காதவர்கள் அரை அங்குலம் உள்ளே மடித்து இஸ்திரி போட்டுக்கொள்ளலாம்.

இனி, கட்டும் முறை. துணியின் நல்ல பக்கம் தரையைப் பார்க்கும்படி விரியுங்கள். தலையணையை நடுவில் திருப்பி வையுங்கள். துணியின் மூலைகள் தலையணையின் பக்கங்களுக்கு நேராக வர வேண்டும், மூலைகளுக்கு நேராக அல்ல. மேல் மூலையைத் தலையணைமேல் போர்த்துங்கள். கீழ் மூலையை அதன்மேல் கொண்டுவந்து, மிஞ்சும் நுனியை அடியில் செருகுங்கள். இப்போது இடப்பக்கமும் வலப்பக்கமும் இரண்டு நீண்ட நுனிகள் நிற்கும். தலையணையின் ஓரத்தில் துணியைக் கொசுவிப் பிடித்து இரண்டையும் நடுவுக்கு இழுத்து இறுக்கி இரட்டை முடிச்சுப் போடுங்கள். கட்டுச்சோற்று மூட்டை கட்டிய கைகளுக்கு இதில் புதிதாகக் கற்க ஒன்றுமில்லை. முடிச்சின் நுனிகளை விரித்துவிட்டால் முன்பக்கம் பூவாக நிற்கும். மடிப்புக்குள் செருகித் திருப்பிப் போட்டால் மறுபக்கம் வெற்றாக, சமமாக இருக்கும். கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: கொசுவும்போது இரண்டு ஓரத்திலும் மடிப்பு ஒரே எண்ணிக்கையில் இருக்கட்டும். அதில் கவனம் தப்பினால் தலையணை ஒரு பக்கம் கோணி நிற்கும்.

முடிச்சு உறுத்தும் என்பவர்களுக்கு இன்னொரு வழி, இஸ்திரிச் சூட்டில் ஒட்டும் நாடா. 16 அங்குலத் தலையணைக்கு 17 அங்குல அகலம், 40 அங்குல நீளத் துணி போதும். இரு குறுக்கு ஓரங்களையும் ஓரங்குலம் மடித்து ஒட்டி, நல்ல பக்கம் உள்ளே வருமாறு துணியை மடித்து, ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஆறு அங்குலம் ஏறும்படி வைத்து, பக்கவாட்டில் நாடா வைத்துத் தேய்த்துத் திருப்பினால் கடிதஉறை மாதிரியான உறை. துணியை முதலிலேயே துவைத்துச் சுருங்கவிட்டுத்தான் அளக்க வேண்டும். பார்க்க நேர்த்தியானது. ஆனால் வெந்நீர்த் துவைப்பில் நாளடைவில் பசை விடும். துவைப்பதற்காகவே உறை மாற்றும் நான் இதை இரண்டாம் இடத்தில்தான் வைப்பேன்.

ஊக்கு குத்தி நிறுத்தாதீர்கள். துருக்கறை துணியில் ஏறும், ஒரு நாள் திறந்துகொண்டு யாரையாவது குத்தும். சூட்டுப்பசைத் துப்பாக்கியும் வேண்டாம், ஒட்டிய இடம் கட்டையாகி உறுத்தும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையைச் சோபாவில் தூங்க வைப்பதே ஆபத்து. பக்கத்தில் தலையணையும் முடிச்சு நுனியும் இருந்தால் இன்னும் ஆபத்து.

துவைப்பதில் இரண்டு சங்கதி. எண்ணெய்க் கறையை நேராகத் தண்ணீரில் போடக்கூடாது. உலர்ந்த துணியிலேயே பாத்திரம் தேய்க்கும் திரவத்தை இரண்டு சொட்டு விட்டு, விரலால் தேய்த்து, கால் மணி நேரம் கழித்து வெந்நீரில் போட்டால் விட்டுவிடும். அடுத்தது சாயம். புதுக் கைலியை உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்ற நம்பிக்கை நம்மிடம் உறுதியாக இருக்கிறது. இன்றைய சாயங்களுக்கு அது பலிக்காது. தண்ணீர் தெளியும்வரை தனியாக அலசுவதுதான் வழி. வெளிர் நிறச் சோபாவாக இருந்தால் ஈரமான வெள்ளைத் துணியால் உறையைத் தேய்த்துப் பார்த்து, நிறம் ஒட்டவில்லை என்று உறுதியான பிறகே மேலே போடுங்கள். பருத்திக்குக் கஞ்சி போடும் பழக்கம் உள்ளவர்கள் ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் நிறுத்திவையுங்கள். பூஞ்சைக்கும் இராமபாணப் பூச்சிக்கும் கஞ்சிதான் தீனி.

புது உறை போடுமுன் உள்ளே இருப்பதையும் பார்த்துவிடுங்கள். இலவம் பஞ்சென்றால் நல்ல வெயிலில் காயவைத்து, கையால் பிரித்து உதறினால் மறுபடி உப்பும். ஃபைபர் பஞ்சையும் பிரித்துவிடலாம். ஃபோம் துண்டுகளை மட்டும் உச்சி வெயிலில் போடாதீர்கள். வெயிலில் மஞ்சளாகி, பிறகு பொடியாக உதிரும். நிழலில் காற்றோட்டமாக உலர்த்துவதே போதும்.

வெள்ளம் பார்த்த தலையணை விஷயத்தில் மட்டும் நான் யாரிடமும் வளைந்து கொடுப்பதில்லை. 2011 டிசம்பர் 30 தானே புயல், 2015 வெள்ளம், 2024 நவம்பர் 30 இரவு கரை கடந்த ஃபெஞ்சல், அதைத் தொடர்ந்து தென்பெண்ணை பொங்கியது என ஒவ்வொரு முறையும் நனைந்த தலையணைகளைக் காயவைத்து எடுத்துக்கொண்டு, "மேலே புது உறை போட்டுக் கொடுங்கள்" என்று கேட்டு வருகிறார்கள். ஈரம் பட்ட 24 முதல் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும். சாக்கடையும் கலந்த தண்ணீர் ஃபோமுக்குள் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று மேலே பார்த்துச் சொல்ல முடியாது. பருத்தி உறையை வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்தி வைத்துக்கொள்ளுங்கள். உள்ளிருக்கும் ஃபோமையும் பஞ்சையும் மாநகராட்சிக் குப்பை வண்டியில் போட்டுவிடுங்கள். அவற்றுக்கு நான் உறை போட்டுத் தர மாட்டேன்.