கண்ணாடிக்குள் வளரும் செம்புப் படிகங்கள்

கோல்ட்ஸ்டோன் என்பது நகைகளில் பதிக்கும் மினுமினுப்பான செயற்கைக் கண்ணாடி. அதில் செய்த மணி ஒன்றை 10 மடங்கு பெருக்கும் லென்ஸில் பாருங்கள். வெறுங்கண்ணுக்குத் தங்கத்தூள் தூவியதுபோல் இருந்தது, லென்ஸில் முக்கோணங்களும் அறுகோணங்களுமாகப் பிரிந்து தெரியும். விளிம்புகள் நேராகவும் முகங்கள் தட்டையாகவும் இருக்கும். அரைத்துக் கலந்த உலோகத்தூளுக்கு இப்படி ஒழுங்கான வடிவம் வராது. இவை கண்ணாடிக் குழம்புக்குள்ளேயே தோன்றி வளர்ந்த செம்புப் படிகங்கள். தங்கம் துளியும் கிடையாது.

வெனிஸை அடுத்த முரானோ தீவில் 17-ஆம் நூற்றாண்டில் இதைச் செய்து புகழ்பெற்றது மியோத்தி குடும்பம். இதன் ‘அவெஞ்சுரின்’ என்ற பழைய பெயர், ‘தற்செயலாக’ என்று பொருள்படும் இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. மினுமினுக்கும் ஒருவகைக் குவார்ட்ஸுக்கும் பின்னாளில் அதே பெயரை வைத்தார்கள். செயற்கைக் கண்ணாடியின் பெயரை இயற்கைக் கல் வாங்கிக்கொண்டது அபூர்வம்தான்.

மணல், சோடா, சுண்ணாம்பு என்ற வழக்கமான கண்ணாடிக் கலவைதான் அடிப்படை. அதில் சில விழுக்காடு செம்பு ஆக்சைடு சேர்க்கிறார்கள். உருகும்போது செம்பு அயனிகளாகக் கரைந்துவிடும். அந்த நிலையில் மினுக்கமே இருக்காது. கரைந்த செம்பை மறுபடி உலோகமாக்க, அதற்கு எலக்ட்ரான் கொடுக்க ஒரு துணை வேண்டும். இரும்பு அல்லது வெள்ளீயத்தின் சேர்மங்கள் அந்த வேலையைச் செய்கின்றன. உலைக்குள் ஆக்சிஜன் புகவும் கூடாது. புகுந்தால் உலோகமாகிய செம்பு திரும்ப அயனியாகிக் கரையும். கண்ணாடி பச்சையாகவோ நீலமாகவோ மாறிவிடும்.

அடுத்தது வெப்பம். செம்பு 1,085 டிகிரி செல்சியஸில் உருகும். அதற்கு மேல் பிரியும் செம்பு உருண்டைத் துளியாகவே நிற்கும். தட்டையான முகம் அமையாது. வெப்பம் மிகவும் இறங்கினாலோ குழம்பு கெட்டியாகி, செம்பு அணுக்கள் நகர்ந்து வந்து சேர வழியில்லாமல் போகும். இரண்டுக்கும் நடுவே, கண்ணாடி இளகியிருக்கும் வெப்பத்தில் நெடுநேரம் நிறுத்தி, மிக மெதுவாக ஆறவிட வேண்டும். எல்லாம் இந்தப் பொறுமையில்தான் இருக்கிறது. செம்பு கலந்த கண்ணாடியைச் சட்டென்று குளிரவிட்டு, பிறகு அளவாகச் சூடேற்றினால் நானோமீட்டர் அளவுத் துகள்களே உண்டாகும். அவை ஒளியில் ஒரு பகுதியை விழுங்கிவிடுவதால் கண்ணாடி முழுவதும் மாணிக்கச் சிவப்பாகத் தெரியும். படிகங்கள் லென்ஸில் தெரியும் அளவுக்குப் பெருத்தால்தான் ஒவ்வொன்றும் தனித்தனியாக ஒளியைத் திருப்பி அனுப்பும். உலோகம் ஒன்றே, வளர்ச்சியின் அளவுதான் வேறு.

ஆறியபின், குழம்பை உருக்கிய மூசைப் பாத்திரத்தை உடைத்தே கட்டியை எடுக்கிறார்கள். நடுப்பகுதிதான் சிறந்தது. ஓரங்கள் சீக்கிரம் குளிர்வதாலும் காற்றுக்கு அருகில் இருப்பதாலும் மங்கலாகவோ படிகமே இல்லாமலோ போய்விடும்; அவற்றைக் கழித்துவிட வேண்டியதுதான்.

நீல வகையில் கோபால்ட் கண்ணாடிக்கு அடர்நிறம் தருகிறது. மினுக்கம் வெள்ளிபோலத் தெரியும். பச்சை வகையில் மினுங்குவது குரோமியம் ஆக்சைடு. அது ஏற்கெனவே ஆக்சைடு என்பதால் காற்றை விலக்கும் பாடு இல்லை.

செவ்வகைக் கோல்ட்ஸ்டோனைச் ‘சூரியக்கல்’ என்று விற்பதுண்டு. உண்மையான சூரியக்கல் ஃபெல்ட்ஸ்பார் கனிமம். அதன் மினுக்கத் தகடுகள் பெரும்பாலும் ஒரே தளத்தை ஒட்டிப் படிந்திருப்பதால், கல்லைத் திருப்பும்போது ஒரு கோணத்தில் சேர்ந்து பளிச்சிட்டு மறு கோணத்தில் அணையும். கோல்ட்ஸ்டோனில் படிகங்கள் எல்லாத் திசையிலும் சிதறியிருக்கின்றன. எப்படித் திருப்பினாலும் சில மின்னிக்கொண்டே இருக்கும். மினுக்கம் கல் முழுவதும் ஒரே சீராகப் பரவியிருப்பதும், உள்ளே உருண்டைக் காற்றுக்குமிழி தென்படுவதும் கண்ணாடி என்பதற்கான அடையாளங்கள்.

கீறலைத் தாங்கும் திறனை 1 முதல் 10 வரை குறிக்கும் மோஸ் அளவில் கோல்ட்ஸ்டோனின் கடினம் ஏறக்குறைய 5.5 முதல் 6 வரை. காற்றில் கலந்த தூசியிலேயே 7 கடினமுள்ள குவார்ட்ஸ் துகள் இருப்பதால், மோதிரத்தில் பதித்தால் நாளடைவில் கீறல் விழும். தொங்கட்டானும் காதணியும் நீடித்து நிற்கும். கழுவ வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரும் மென்துணியும் போதும். வெட்டவும் தீட்டவும் வைர அறுவைத்தகடு ஏற்றது. தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீர் நின்றால் உரசும் இடம் மட்டும் சூடேறி விரியும், கல் விரிசல் விடும். கடைசி மெருகுக்குச் சீரியம் ஆக்சைடு நல்ல பளபளப்புத் தரும். கல் பதித்த நகையில் பற்றவைக்க நேர்ந்தால், முதலில் கல்லைக் கழற்றிவிடுங்கள்.

விளக்குச் சுடரில் கண்ணாடி மணி செய்கிறவர்கள் கோல்ட்ஸ்டோனை நேராகத் தீயில் காட்டுவதில்லை. ஆக்சிஜன் மிகுந்த சுடர் பட்டால் மேற்பரப்பின் செம்பு எரிந்து, மினுக்கம் போய்ப் பழுப்பேறிவிடும். அதனால் அதை நிறமற்ற கண்ணாடியால் முழுக்கப் போர்த்தி, மெல்லிய கம்பியாக இழுத்த பிறகே மணியில் சுற்றுகிறார்கள். அந்த உறை செம்புக்கும் சுடரின் ஆக்சிஜனுக்கும் இடையில் தடுப்பாக நிற்கிறது.