வேலிடேஷன்: செல்லுபடியாக்கலா, செல்லுமா என்று பார்ப்பதா?

லினக்ஸ் டிரைவர் (கணினியின் ஒரு வன்பொருளை இயக்கும் நிரல்) பற்றிய தமிழ்க் குறிப்புகளில் ‘பயனர் உள்ளீட்டைச் செல்லுபடியாக்குதல்’ என்று இன்னும் எத்தனை முறைதான் படிப்பது! வேலிடேஷன் என்று கண்டதும் அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டிவிடுகிறார்கள்.

மூலம் இலத்தீனின் ‘வாலிதுஸ்’. வலுவுள்ளது என்று பொருள். வேல்யூவும் அதே வேர்தான். (நம் ‘வலிது’ மாதிரியே இருக்கிறதே என்று யாரும் கிளம்ப வேண்டாம். ஒலி ஒத்துப்போனால் உறவாகிவிடாது.) பத்திரத்துக்குச் சட்ட வலு கொடுப்பதையும் ஆங்கிலத்தில் இந்தச் சொல்லால்தான் சொல்வார்கள். அங்கே ‘செல்லுபடியாக்கல்’ சரி. இத்தாலியில் ரயில் ஏறுமுன் காகிதச் சீட்டில் இயந்திர முத்திரை குத்துவதற்கும் சரி. முத்திரை விழுந்தால்தான் சீட்டு செல்லும்.

டிரைவரில் நடப்பது வேறு. நிர்வாகி உரிமை உள்ள ஒருவர், செட்சீரியல் என்ற கருவியை வைத்து, பிட்டுகளை ஒவ்வொன்றாக அனுப்பும் சீரியல் போர்ட்டின் அடிப்படை பாட் வேகத்தை (அனுப்பும் வேகத்துக்கு அடிப்படையான எண்) மாற்றப் பார்க்கிறார். பிசி போர்ட்டில் அது வழக்கமாக 115200. அவர் 4800 என்று கொடுத்தால், லினக்ஸின் மையமான கெர்னல் அந்த எண்ணை நகலெடுத்துப் பார்த்து, 9600-க்குக் கீழே இருப்பதால் ‘இன்வேலிட் ஆர்க்யுமெண்ட்’ (செல்லாத மதிப்பு) என்று திருப்பி அனுப்பிவிடும். இதில் எதைச் செல்லுபடி ஆக்கினார்கள்? செல்லாத நோட்டைத் திருப்பித் தரும் கடைக்காரர் நோட்டைச் செல்லுபடியாக்கினார் என்று எந்த ஊரில் சொல்வோம்?

இன்னொரு கூட்டம் எல்லாவற்றுக்கும் ‘சரிபார்ப்பு’ போடும். சீரியல் போர்ட்டில் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது. தரவோடு கூடுதலாக அனுப்பும் பாரிட்டி பிட், வந்த பிட்டுகள் அனுப்பியபடியே வந்தனவா என்று பார்க்கிறதே, அதுதான் சரிபார்ப்பு. 4800 பிசகாமல் வந்து சேர்ந்த எண்தான்; ஆனாலும் செல்லாது. இதில் கெர்னல்காரர்களும் சுத்தமில்லை, இந்தச் சோதனை நடக்கும் ஃபங்ஷனுக்கு ‘வெரிஃபை போர்ட்’ என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். அவர்கள் குழப்பத்தை நாம் ஏன் மொழிபெயர்க்க வேண்டும்? ‘ஏற்புச் சோதனை’ என்பாரும் உண்டு. அது வாடிக்கையாளர் மென்பொருளை ஏற்கும்முன் செய்யும் சோதனையோடு முட்டும்.

செல்லும், செல்லாது என்று பேச்சிலேயே இருக்கிறது. ‘செல்லுமைச் சோதனை’ என்று வைத்துக்கொள்ளலாம். வாக்கியத்துக்குள் வந்தால் ‘செல்லுமா என்று பார்த்தல்’ போதும். எல்லாவற்றையும் ‘-ஆக்கம்’ போட்டு முறுக்கினால்தான் கலைச்சொல் என்று யார் சொன்னது?

இதைவிட எரிச்சல், அனுமதி பார்ப்பதையும் இதே சரிபார்ப்புக்குள் திணிப்பது. டெபியன் என்ற லினக்ஸ் வகையில் டயலவுட் என்ற பயனர் குழுவில் இருப்பவர் போர்ட்டைத் திறக்கலாம், தாமதத்தைக் குறைக்கும் லோ லேட்டன்சி கொடியையும் (ஆன்/ஆஃப் அமைப்பு) மாற்றலாம். அடிப்படை பாட் வேகத்தையோ ஐஆர்க்யூ (வன்பொருள் குறுக்கீட்டு) எண்ணையோ மாற்ற ‘சிஸ் அட்மின்’ என்ற நிர்வாகி உரிமை வேண்டும். கெர்னல் முதலில் ஆளைப் பார்க்கும், அப்புறம்தான் எண்ணை. உரிமை இல்லாதவர் அதே 4800-ஐக் கேட்டால் ‘அனுமதியில்லை’ என்றுதான் பதில் வரும். செல்லுமா என்ற கேள்வி வரை போகாது. இரண்டுக்கும் ‘சரிபார்ப்பு தோல்வி’ என்று எழுதி வைத்தால், படிப்பவர் உரிமையைக் கேட்காமல் எண்ணை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருப்பார்.