ஷெட்லாண்டுக்குப் போர்வை எதற்கு?

போன வாரம் மறுபடியும் ஒரு ஷெட்லாண்ட் மட்டக்குதிரை. மேலே தடித்த போர்வை, முன்னால் காய்ந்த புல் நாள் முழுக்க, முன்னங்காலை ஊன்ற முடியாமல் பின்பக்கம் சாய்ந்து நிற்கிறது. லேமினைடிஸ், அதாவது குளம்புக்குள் அழற்சி. "பாவம், குளிருமே என்றுதான் போர்த்தினோம் டாக்டர்" என்றார்கள். இங்கிலாந்தில் குதிரை வைத்தியம் பார்க்கும் எனக்கு இது எல்லாக் குளிர்காலத்திலும் கேட்கிற பதில்.

நமக்குக் குளிர்ந்தால் அதற்கும் குளிரும் என்ற எண்ணத்தைத் தயவுசெய்து விடுங்கள். ஷெட்லாண்ட், எக்ஸ்மூர், ஹைலேண்ட் எல்லாம் காற்றும் மழையும் ஓயாத தீவிலும் மேட்டுநிலத்திலும் உருவான இனங்கள். குளிர்கால ரோமம் இரண்டு அடுக்கு. உள்ளே கம்பளி போல நெருக்கமான மென்முடி, வெளியே எண்ணெய்ப் பசையுள்ள நீளமான முரட்டு முடி. மழை அந்த வெளிமுடி வழியே இறங்கி வயிற்றடியில் சொட்டிவிடும். நனைந்து நிற்கும் எக்ஸ்மூரின் முதுகில் முடியை விரலால் பிரித்துப் பாருங்கள், தோல் பெரும்பாலும் காய்ந்தே இருக்கும். வால் தொடங்கும் இடத்தில் விசிறி மாதிரி குட்டை முடி இருப்பது தண்ணீரைத் தள்ளிவிடத்தான். முதுகில் பனி உருகாமல் கிடக்கிறதே என்று பதறி போன் செய்கிறார்கள். உடல் சூடு வெளியே கசியவில்லை, அதனால்தான் பனி உருகவில்லை. காது சில்லென்று இருப்பதை வைத்தும் முடிவு செய்யாதீர்கள். குளிரில் முடி சிலிர்த்து நின்று இடையில் காற்றைப் பிடித்து வைக்கும். அதன் மேல் மெல்லிய போர்வையைப் போட்டால் முடி படிந்துவிடும், அவ்வளவுதான்.

இந்த ரோமம் முளைப்பதும் உதிர்வதும் முக்கியமாகப் பகலின் நீளத்தைப் பொறுத்தது. ஜூன் கடைசியில் பகல் குறையத் தொடங்கியதுமே உடல் தயாராக ஆரம்பித்துவிடுகிறது.

சூட்டுக்குச் செலவாக வேண்டிய தீனி போர்வைக்குள் கொழுப்பாகிறது. குளிர்காலத்தில் கொஞ்சம் இளைத்து வசந்தத்துக்குப் போக வேண்டிய உடம்பு, கொழுத்தபடியே புதுப்புல்லுக்குப் போகிறது. அப்புறம் குளம்பில் அதே லேமினைடிஸ்.

கண்ணால் பார்த்து எடை சொல்லாதீர்கள், அடர்ந்த ரோமம் எதையும் மறைக்கும், கொழுப்பையும் மெலிவையும். வாரம் ஒருமுறை உள்ளங்கையை விலாவில் வையுங்கள். லேசாக அழுத்தினாலே எலும்பு தட்டுப்பட வேண்டும். காற்றுக்கு ஒதுங்க ஒரு வேலியோ கொட்டகையோ போதும். குளிர்காலத்தில் குளிப்பாட்டி அந்த எண்ணெய்ப் பசையைக் கழுவாதீர்கள். வயதானது, மெலிந்தது, நோயில் கிடப்பது, முடி கத்தரித்தது, இவற்றுக்குப் போர்வை தேவைப்படும், சரி. ஆனால் தினமும் கழற்றிப் பாருங்கள், பேனும் தோல் புண்ணும் அடியில்தான் வளர்கின்றன.

இன்னொன்று. கோடை வந்தும் முடி உதிராமல் நீளமாகச் சுருண்டு கிடந்தால் "அழகாக இருக்கிறது" என்று விட்டுவிடாதீர்கள், அதிலும் 15 வயது தாண்டிய குதிரை என்றால். மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியின் கோளாறாக இருக்கலாம், அதுவும் லேமினைடிஸைக் கொண்டுவரும். முடியைக் கத்தரிப்பது வைத்தியம் ஆகாது. ஏசிடிஎச் (அந்தச் சுரப்பி சுரக்கும் ஹார்மோன்) ரத்தப் பரிசோதனை கேளுங்கள், உறுதியானால் பெர்கோலைடு மாத்திரை இருக்கிறது, அதைத் தினமும் விடாமல் கொடுங்கள்.