ஒரு நிமிடத்தில் கூடும் இரண்டு ரேக்குகள்

ரயில் ரேக்குகளின் சுழற்சியைக் கணினியில் திட்டமிடுவது என் தொழில். மென்பொருள் ‘உகந்த தீர்வு’ என்று காட்டும் எண்ணைக் கேள்வி கேட்காமல் ஏற்கும் நிர்வாகங்களை அடிக்கடி பார்க்கிறேன். அந்த எண்ணில் பிழை இருப்பதில்லை. ஆனால் அது எந்தக் கேள்விக்கான விடை என்பதை விசாரிப்பவர்கள் குறைவு. ரேக் என்று நான் இங்கே சொல்வது, நிரந்தரமாகப் பிணைக்கப்பட்டு இரு முனைகளிலும் ஓட்டுநர் அறை கொண்ட பெட்டித்தொடரை.

ஒரு புறநகர்த் தடத்தை எடுத்துக்கொள்வோம். முனைக்கு முனை 50 நிமிட ஓட்டம். இரு முனைகளிலிருந்தும் ஒவ்வொரு மணியின் தொடக்கத்திலிருந்து 15 நிமிடத்துக்கு ஒரு வண்டி. வந்து சேர்ந்த ரேக் திசை மாறிப் புறப்படக் குறைந்தது 10 நிமிடம். போய்த் திரும்பி மீண்டும் தயாராவதற்கு 50, 10, 50, 10 எனக் கூட்டினால் 120 நிமிடம். அதை 15ஆல் வகுத்தால் 8 ரேக்குகள். எந்த மென்பொருளும் இதையே சொல்லும். 7 ரேக்குகளால் ஓட்டவே முடியாது என்று நிரூபித்தும் காட்டும்.

இதே அமைப்புள்ள ஒரு தடத்துக்கு நாங்கள் போட்ட திட்டம், நடைமுறைக்கு வந்த முதல் வாரத்திலேயே காலை நெரிசலில் பிசகத் தொடங்கியது. அலுவலகத்தில் காரணம் கிடைக்காததால் கடிகாரத்துடன் நடைமேடையில் போய் நின்றேன். வண்டி நின்றதும் ஓட்டுநர் அறையைப் பூட்டிவிட்டுப் பையுடன் இறங்கினார். 12 பெட்டி நீளத்தை, வெளியேறும் கூட்டத்துக்கு எதிர்த்திசையில், தோளால் வழி விலக்கிக்கொண்டு கடந்தார். மறுமுனை அறையைத் திறந்து, பிரேக் சோதனையை முடித்து, வண்டி தயார் என்று அவர் தெரிவித்தபோது 11 நிமிடம் ஆகியிருந்தது. கூட்டமில்லாத மதியத்தில் அதே வேலை 8 நிமிடத்தில் முடிந்தது. கையேட்டில் அச்சாகியிருந்த 10ஐத்தான் நாங்கள் கணக்கில் இட்டிருந்தோம். யாரும் அளந்து பார்க்கவில்லை.

அந்த 10ஐ 11 ஆக மாற்றினால் என்ன ஆகிறது? 60ஆவது நிமிடத்தில் புறப்பட வேண்டிய ரேக் 61இல்தான் தயாராகிறது. அது 75 வரை காத்திருந்து, 125இல் திரும்பி வந்து, 136இல் தயாராகி, 150இல் மீண்டும் கிளம்புகிறது. 150ஐ 15ஆல் வகுத்தால் 10. ஒரு நிமிடம் கூடியதற்கு இரண்டு ரேக்குகள் கூடிவிட்டன. ஆனால் மறுமுனையின் புறப்பாடுகள் அனைத்தையும் ஒரே ஒரு நிமிடம் தள்ளி வைத்தால், ரேக் 61இல் புறப்பட்டு, 111இல் வந்து, 122இல் தயாராகி, 135இல் கிளம்பிவிடும், 9 போதும். கால அட்டவணையைத் தொடக்கூடாது, ரேக்குகளை மட்டும் சிக்கனப்படுத்துங்கள் என்று கட்டளையிட்டால், இந்த 9 கணினியின் கண்ணில் படவே படாது.

இதன் அடிப்படைக் கணிதம் பழையது. ஒவ்வொரு ஓட்டத்தையும் ஒரு புள்ளியாக வைத்து, ஓர் ஓட்டத்தை முடித்த ரேக் அடுத்து எவற்றை எடுக்கலாம் என்று கோடுகள் வரைந்தால், எல்லாப் புள்ளிகளையும் மிகக் குறைந்த சங்கிலிகளில் கோப்பதுதான் கணக்கு. நிலையான அட்டவணைக்கு எத்தனை எண்ணெய்க் கப்பல்கள் போதும் என்று கணிதவியலாளர்கள் டான்ட்சிக்கும் ஃபல்கர்சனும் 1954இல் தீர்த்ததும் இதே கணக்குதான். இவ்வகை வலைப்பின்னல் ஓட்டக் கணக்குகளுக்கு ஒரு நல்ல குணம் உண்டு: பின்ன விடைகளையும் அனுமதிக்கும் எளிய முறையான நேரியல் திட்டமிடலாகத் தீர்த்தாலே விடை முழு எண்ணாகக் கிடைத்துவிடும், அரை ரேக் என்று வந்து நிற்காது. நீளம் வேறுபட்ட இரண்டு வகை ரேக்குகளைச் சேர்த்தும் பிரித்தும் ஓட்டத் தொடங்கினால் அந்தக் குணம் போய்விடுகிறது. விடை முழு எண்ணாகவே வர வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் முழு எண் திட்டமிடல் என்ற கடினமான பகுதிக்குள் நுழைய வேண்டியிருக்கிறது. நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம்–விலிசிங்கன் தடத்தை வைத்துக் கணிதவியலாளர் ஸ்க்ரைவர் 1993இல் வெளியிட்ட ஆய்வில் இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காணலாம். அதே நெதர்லாந்து ரயில்வே 2006 டிசம்பரில் கொண்டுவந்த புதிய அட்டவணையில் நேரம், ரேக், ஊழியர் பணி மூன்றுக்கும் உகப்பாக்கத்தைப் பயன்படுத்தி, இத்துறைச் சாதனைகளுக்கான எடெல்மன் விருதையும் 2008இல் பெற்றது.

கணக்குத் தீர்ந்த பிறகும், ரேக்குகளை நிறுத்திவைக்கும் யார்டு என்று ஒன்று இருக்கிறது. இரவில் ஒரு நிலையத்தில் இரண்டு ரேக்குகள் நின்றால் காலைத் தேவைக்குப் போதும் என்று எங்கள் திட்டம் எண்ணிக்கையைச் சரிபார்த்திருந்தது. அங்கே இருந்ததோ ஒரு பக்கம் மூடிய ஒற்றைத் தடம். முதலில் உள்ளே போன குட்டை ரேக்தான் காலையில் முதலில் வெளியே வர வேண்டும், அதன் முன்னால் நீளமானது நிற்கிறது. வரைபடத்தைப் பார்த்த யார்டு மேற்பார்வையாளர், “இதை எடுக்கணும்னா அதை மெயின் லைனுக்கு இழுக்கணும் சார், அந்த நேரத்துல மெயின் லைன் ஏது?” என்றார். மூன்று மாத உழைப்பில் நாங்கள் சேர்க்காமல் விட்ட கட்டுப்பாட்டை அவர் அரை நிமிடத்தில் சொல்லிவிட்டார்.

பராமரிப்பிலும் இதே சிக்கல் வேறு உருவில் வரும். ஓட்டக் கணக்குக்கு ஒரே வகை ரேக்குகள் எல்லாம் ஒன்றுதான். எது எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதை அது நினைவில் வைப்பதில்லை. ஒரே நிலையத்தில் சந்திக்கும் இரண்டு ரேக்குகளின் மீதி வேலையை மாற்றிக்கொண்டு, கெடு நெருங்கியதைப் பணிமனைக்கு அனுப்புவது எளிய வழி. அது கைகொடுக்காதபோது, ஒரு ரேக்கின் பல நாள் பயணம் முழுவதையும் ஒரே மாறியாக, அதாவது ஏற்பதா விடுவதா என்ற ஒரே முடிவாக எடுத்து, தேவைக்கேற்பப் புதிய பயணங்களை உருவாக்கிச் சேர்க்கும் முறைக்குப் போகிறோம். கணக்கு பெரிதாகும், ஆனால் தாக்குப்பிடிக்கும்.

எதை எவ்வளவு குறைக்க வேண்டும் என்று கணினிக்குச் சொல்லும் குறிக்கோள் சார்பில் இடும் எடைகளையும் எட்டிப் பார்ப்பது நல்லது. ரேக்குகளைப் பிரித்துச் சேர்த்து இடம் மாற்றும் ஷண்டிங்குக்குக் குறைவான எடை கொடுத்துவிட்டால், சில காலிப் பெட்டிகளின் ஓட்டத்தை மிச்சப்படுத்துவதற்காக வழியெல்லாம் ரேக்கைப் பிரித்துச் சேர்க்கும் திட்டம் வரும். ஒவ்வொரு பிணைப்பும் பழுதுக்கு ஒரு வாய்ப்பு என்பது கணினிக்கு நாம் சொன்னால்தான் தெரியும்.

8 ரேக் திட்டத்தில் மிச்ச நேரம் என்பதே கிடையாது; காலையில் விழுந்த 3 நிமிடத் தாமதம் சுழற்சி சுழற்சியாகத் தொற்றிக்கொண்டே போகும். 9 ரேக்குகளில் 122 நிமிட வேலைக்கு 135 நிமிடம் கிடைக்கிறது, அதாவது 13 நிமிடம் கையில் இருக்கிறது. இப்போதெல்லாம் திரும்பும் நேரத்தை ஒவ்வொரு நிமிடமாகக் கூட்டியும் குறைத்தும் ஓட்டிப் பார்த்து, எங்கே எண்ணிக்கை தாவுகிறது என்ற அட்டவணையையும் சேர்த்தே விடையை ஒப்படைக்கிறேன். அந்தத் தடத்தில் ஒன்பதாவது ரேக்கைக் கேட்டு வாங்கி, 13இல் 7 நிமிடத்தை மறுமுனையிலும் 6ஐ இந்த முனையிலும் வைத்தோம். அதற்காக மறுமுனையின் புறப்பாடுகள் 1 நிமிடத்துக்குப் பதில் 8 நிமிடம் தள்ளிப்போயின. 5 நிமிடத் தாமதங்கள் அடுத்த முனையிலேயே கரைந்தன. ஆனால் நிலையத்துக்குப் பயணிகளைக் கொண்டுவரும் பேருந்துகள் பழைய நேரத்திலேயே வந்துகொண்டிருந்ததால் முதல் இரண்டு வாரம் புகார்கள் குவிந்தன. அந்தப் பேருந்துகளும் எங்கள் கணித மாதிரியில் இல்லை.